ஈரம் பதினேழு: விஸ்காம் பிள்ளைகள் எடுத்த ராப் வீடியோ

பென் டிரைவில் இருந்த கோப்புக்கு ‘ஃபைனல் ஃபைனல் 3’ என்று பெயர். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எடிட்டிங் டேபிளில் ஸ்பீக்கர் மாட்டி முதல் தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை வீட்டுக்காரியின் செல்போனில். மூன்றாவது தடவை ஒரு காதுகுத்து வீட்டில். பந்தி முடிந்து எல்.இ.டி. திரை சும்மா கிடந்தது, பெரியவர்கள் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் போட்டேன். மூன்று தடவையும் மூன்று படமாகத் தெரிந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகள் ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், இரண்டாம் வருஷம். இரண்டு எல்.இ.டி. பேனல், ஒரு கிம்பல், ஒரு டிரைபாட் எல்லாம் மன்னார்குடியில் என் வீடியோ கடையிலிருந்து போனவைதான். இரண்டு நாளைக்குப் பாதி வாடகை வாங்கினேன். ஆகவே இதில் வருகிற கனிவிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். பெயர் யாருக்கும் போடவில்லை. இன்னும் மார்க் வரவில்லையாம், போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பாட்டு 4 நிமிடம் 12 வினாடி. ராப். பாடுவது ஒரு பெண். இடம், மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையம். கடைசி ஒரு நிமிடம் மட்டும் நீடாமங்கலம் ரயில்வே கேட். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா அறுத்துக் கொண்டுவந்து கொட்டிய சம்பா நெல், ஈரம் கூடுதல் என்று களத்தில் கிடக்கிறது. குவியலுக்கு மகள் காவல். காவல் இருந்தபடியே பாடுகிறாள். ஈரம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்பது டெல்டாவில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் 22 வரை தளர்த்தச் சொல்லி மனுப் போகும். டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழைக்கும் அதுதான் நடந்தது. பாட்டு அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டு ஏறுகிறது:

பதினேழு பதினேழு, ஈரம் பதினேழு
பத்தொம்பது காட்டுச்சுன்னா படுதாவ விரிச்சுக்கோ
படுதாமேல படுத்துக்கோ, பனியில நனைஞ்சுக்கோ
விடிஞ்சதும் பாத்தாக்க இருவதுன்னு எழுதிக்கோ

ராப்பில் எண் வந்தால் அது காசாக இருக்கும், இல்லாவிட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்காக இருக்கும். இங்கே பீற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் ஈரப்பதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.

படத்தோடு 12 பக்கத்துக்கு ஒரு அறிக்கையும் கொடுக்க வேண்டுமாம். இயக்கிய பெண் அதையும் கொண்டுவந்து காட்டினாள். ‘உங்கள் இசைக் காணொளி வகைமை மரபுகளை எவ்வாறு பின்பற்றுகிறது, எவ்வாறு சவாலுக்கு உட்படுத்துகிறது?’ என்பது கேள்வி. இசைக் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் என்பவர் 1992இல் எழுதியதை வைத்துக் கட்டம் கட்டமாகப் பதில் எழுதியிருக்கிறார்கள். வரிக்கும் காட்சிக்கும் என்ன உறவு, தாளத்துக்கும் வெட்டுக்கும் என்ன உறவு, பாடுகிறவர் முகத்தை ஏன் திரும்பத் திரும்பக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், ஒவ்வொரு வகைப் பாட்டுக்கும் என்னென்ன அடையாளம், யார் யாரை வேடிக்கை பார்க்கிறார்கள், வேறு எதை ஞாபகப்படுத்துகிறது என்று மனிதர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்.டி.வி. ஆரம்பித்து, இசைத்தட்டுக் கம்பெனிகள் காசு போட்டுப் பாட்டுக்குப் படம் எடுத்துத் தள்ளிய காலத்தைப் பார்த்து எழுதியது அது. முகம் மனதில் நின்றால்தான் தட்டு விற்கும், அதனால்தான் அத்தனை குளோசப்.

அறிக்கையில் ‘ஒன்பது இடங்களில் மரபை உடைத்திருக்கிறோம்’ என்று எண் போட்டிருந்தார்கள். பென்சிலை எடுத்து ஆறை அடித்தேன். அவர்கள் எழுதாமல் விட்ட சிலதை ஓரத்தில் குறித்தேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அண்ணே, நீங்க கல்யாண வீடியோ எடுக்கறவரு” என்றாள். வாஸ்தவம்தான். அந்தத் தைரியத்தில்தான் அடித்தேன்.

மரபு பிடித்து ஆட்டுவதில் கல்யாண வீடியோவை மிஞ்ச எதுவும் கிடையாது. 1996இல் பேனசோனிக் எம் 3000ஐத் தோளில் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தவன் நான். சன்கன் லைட் பிடிக்க ஒரு பையன், அவன் பின்னால் வயர் சுருட்ட இன்னொரு பையன். மாப்பிள்ளை முகம் தாமரைக்குள்ளிருந்து விரியும். பெண்ணின் முகம் ஆப்பிள் பிளந்து வெளியே வரும். மிக்சிங் செய்து கொடுக்கிறவர் ஒரு பூவுக்கு இவ்வளவு என்று ரேட் சொல்லாத குறை. இன்றைக்குத் தாமரை கேட்டு யாரும் வருவதில்லை. அது எப்போது போனது என்றுகூட யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் 2003இல் ஒரு முகூர்த்தத்தில், கெட்டிமேளம் கொட்டுகிற அந்த நிமிஷத்தில் என் லைட் பியூஸ் போய், தாலி கட்டுகிற கை முழுக்க இருட்டாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரியில் ஏறிப் போவார்கள். அன்றிலிருந்து எனக்குக் கணக்கு இரண்டே பெட்டிதான். விட்டால் சண்டை வருவது தாலி ஷாட். விட்டால் தெரியவே தெரியாதது தாமரை.

ராப்பில் தாமரை எது என்று சொல்வது சுலபம். ஹூடி, புகை, பின்னால் கை கட்டி நிற்கிற பத்துப் பதினைந்து பையன்கள், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற வைட் லென்ஸ், லென்ஸைக் குத்துகிற மாதிரி நீளும் விரல், வாடகைக் கார். தாலி ஷாட் ஒன்றே ஒன்றுதான். ‘நான் இன்னார், இது என் இடம், இதைச் சொல்ல எனக்குத்தான் பாத்தியதை’ என்று ஒரு வாய் சொல்ல வேண்டும். சொல்லும்போது அந்த வாய் நம் கண்ணில் பட வேண்டும்.

அவர்கள் உடைத்ததாக எழுதியதில் பாதி தாமரைகள். ‘கார் இல்லை’ என்று ஒன்று. காருக்குக் காசில்லை என்று எனக்குத் தெரியும், அதை மரபு மீறல் கணக்கில் எழுதினால் எப்படி? ‘பெண் ராப் பாடுகிறாள்’ என்று இன்னொன்று. இதில்தான் எனக்குக் கோபமே வந்தது. நடவு வயலில் பாடியது யார்? ஒப்பாரி சொன்னது யார்? மனக்குறையைத் தாளத்தில் ஏற்றி, ஆளைப் பெயர் சொல்லாமல் ஏசுகிற வித்தை இந்தக் காவிரிக்கரையில் பெண்பிள்ளைகள் கையில் இருந்தது. என் அப்பாயி பாடினால் அதில் பண்ணையாருக்குப் பெயர் இருக்காது, மாட்டுக்கு இருக்கும். எந்த மாடு யார் என்று வரப்பில் குடை பிடித்து நிற்கிறவருக்கே தெரியும். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘அப்பாயி’ என்று எழுதினேன். அவளுக்குப் புரியவில்லை. உட்காரவைத்துச் சொன்னேன்.

அவர்கள் எழுதாமல் விட்டதுதான் பெரிது. பாடுகிறவளே முகத்தைக் காட்டுகிறாள். எம்.டி.வி. மரபில் இது தினசரி நடப்பு. தமிழில் அப்படியில்லை. 1930களின் கடைசியில் பின்னணிப் பாட்டு வந்த நாளிலிருந்து நமக்குக் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து வளர்ந்த எங்களுக்கு வாயசைத்தவர்தான் பாட்டுக்குச் சொந்தக்காரர். 2004இல் சன் மியூசிக் வந்தபோதும் பெரும்பாலும் ஓடியது சினிமாவில் வெட்டிய துண்டுகள்தான். சினிமாவில் சேராத பாட்டுக்கு நாம் வைத்த பெயரைப் பாருங்கள்: ஆல்பம். ஒற்றைப் பாட்டாக இருந்தாலும் ஆல்பம்தான். பின்னணிக்கு முந்தைய காலத்துக்குப் போனால், மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் தன் தொண்டையில் பாடித் தன் முகத்தையே காட்டியவர். எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த வழக்கம் பக்கத்து ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

41ஆவது வினாடியில் அவள் முகம் முதல் முறையாக வருகிறது. பூச்சு இல்லை. நெற்றியில் கொசு கடித்த தடிப்பு. நீலப் படுதாவின் வெளிச்சம் தாடையில் அடித்து, கழுத்து வரைக்கும் நீலமாக இருக்கிறது. கலர் கரெக்ஷனில் அதை இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடலாம். நானாக இருந்தால் எடுத்திருப்பேன், படத்தைக் கெடுத்திருப்பேன். ஏனென்றால் அந்த நீலம்தான் அவள் ராத்திரி எங்கே படுத்திருந்தாள் என்று சொல்கிறது.

தாளத்துக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 100 அடி. கேமரா வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம். ஒரு அடிக்குச் சரியாக 15 ஃபிரேம். இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறான் எடிட் பண்ணின பையன். 90 அடி வைத்திருந்தால் ஒவ்வொரு வெட்டும் 16க்கும் 17க்கும் நடுவில் விழுந்து, ஒரு மயிரிழை முந்தும், அடுத்தது ஒரு மயிரிழை பிந்தும். பார்க்கிறவனுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, கொட்டாவி மட்டும் வரும். கல்யாணத்தில் தவில்காரர் நமக்காக 100இல் நிற்க மாட்டார், அதனால் என் பிழைப்பில் இந்தச் சௌகரியம் கிடைத்ததே இல்லை. இந்தப் பையன் முதல் ஒரு நிமிடம் அடிக்கு ஒரு வெட்டு, பிறகு இரண்டு அடிக்கு ஒன்று, பிறகு நாலுக்கு ஒன்று என்று தளர்த்திக்கொண்டே போகிறான். மற்றவர்கள் போகப்போக வேகம் கூட்டுவார்கள். இவன் கூட்டவில்லை. காத்திருக்கிற பாட்டுக்கு அதுதான் பொருத்தம்.

தாளத்துக்கான சத்தங்களை களத்திலேயே எடுத்திருக்கிறார்கள். 40 கிலோ சிப்பம் தராசில் விழுகிற ‘தொம்’. சாக்கு தைக்கிற மெஷினின் ‘கிர்ர்ர்’. ஈரம் பார்க்கிற மெஷினின் ‘பீப்’. பல்லவியில் ‘பதினேழு’ வருகிற இடமெல்லாம் அந்தப் பீப். ஸ்பீக்கரில் கேட்டபோது ‘தொம்’ நெஞ்சில் விழுந்தது. செல்போனில் அது காணாமல் போய், கிர்ரும் பீப்பும் மட்டும் மிஞ்சி, பாட்டே பரீட்சை ஹால் மாதிரிப் பதற்றமாகிவிட்டது. பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் பார்ப்பார்கள். ‘தொம்’முக்கு மேலே கொஞ்சம் சாக்கு உரசுகிற சத்தத்தைச் சேர்த்திருந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் கனம் தெரிந்திருக்கும். சொன்னேன். ‘ஃபைனல் ஃபைனல் 4’ வரும் என்று நினைக்கிறேன்.

சத்தமில்லாமல் பார்த்தபோது தெரிந்தது கால்கள். இப்போது வருகிற பாட்டுக்கெல்லாம் ஒரு ஹூக் ஸ்டெப் வேண்டும், ஸ்கூல் பிள்ளைகள் திருப்பி ஆடிப் போடுவதற்கு. இவர்களுக்கும் வேண்டியிருந்தது. டான்ஸ் மாஸ்டரைத் தேடவில்லை. காயப்போட்ட நெல்லைப் பெண்கள் காலால் கிளறிவிடுவார்களே, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து, ஒரு கோடு போனால் பக்கத்தில் இன்னொரு கோடு திரும்பி வருமே, அதையே எட்டு எண்ணிக்கைக்கு வைத்துவிட்டார்கள். முதல் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், பின் வரிசையில் நிஜமாகவே அங்கே காயவைக்க வந்த அக்காமார்கள். முன்னால் இருப்பவர்கள் எண்ணிக்கை தவறவில்லை. ஆனால் அழகு பின் வரிசையில்தான். மேலேயிருந்து ஒரு ஷாட், ஏணியில் ஏறி எடுத்திருப்பார்கள் போல: மஞ்சள் நெல்லில் கோடு கோடாக, இழுத்துப் போட்ட கோலம் மாதிரி. காதுகுத்து வீட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, “அந்தச் செவப்புப் புடவக்காரிதான் சரியாக் கெளறுறா” என்றார். ஒன்பதில் நான் அடிக்காமல் விட்ட மூன்றில் இது ஒன்று.

அடிக்காமல் விட்ட இன்னொன்று, 2 நிமிடம் 20ஆவது வினாடியில் வருகிற லோடுமேன். அதற்கு முந்தைய ஷாட்டிலிருந்து சொல்ல வேண்டும். அந்தப் பெண் குவியல்களுக்கு நடுவே பாடிக்கொண்டே நடந்து வருகிறாள், அவள் வாய் பாட்டுக்குச் சரியாக அசைகிறது, சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் பாதி வேகத்தில் நகர்கிறார்கள். மாயமில்லை. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு வாயசைக்கச் சொல்லி, 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்ட வேண்டும். சினிமாக்காரர்கள் காலகாலமாகச் செய்கிற வித்தைதான். காதலர்கள் தலைமுடி பறக்க ஓடுவதற்கு என்றே அது நேர்ந்துவிடப்பட்டிருந்தது. ராப்பை இரட்டை வேகத்தில் வாயசைப்பது என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அந்தப் பெண் என் கடை வாசலில் நின்று ஒரு மணி நேரம் பழகியதை நானே பார்த்தேன், டீக்கடைக்காரர் சாமி வந்துவிட்டது என்று பயந்துபோனார். பலன் இருக்கிறது. அவள் பேச்சு நம் நேரத்தில் ஓடுகிறது, அவர்கள் சுமை வேறு ஏதோ கனமான நேரத்தில் நகர்கிறது.

அங்கேயிருந்து நேராக ஒரு குளோசப். பிடரியில் மூட்டை, முகம் லென்ஸைப் பார்த்து, 12 அடிக்கு வெட்டே இல்லை. 180 ஃபிரேம். அவர் வாயசைக்கவில்லை. பாட்டு பாட்டுக்கு ஓடுகிறது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து, சேர்ந்து, விழுகிறது. ஹீரோவுக்கென்று வைத்திருக்கிற இடத்தை எடுத்துப் பாடாத ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். குட்வின் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பாரோ. எனக்குத் தாலி ஷாட் என்றால் இதுதான்.

இனி குறைகள். முதல் குறை, ஆரம்பத்திலேயே 11 வினாடி டிரோன். பச்சைப் பசேல் வயல், நடுவில் வாய்க்கால், பனை நாலு, பின்னணியில் புல்லாங்குழல். டெல்டா என்றால் இந்த ஷாட்டுக்கு அரசாணையே இருக்கிறதோ என்னவோ. அது போகட்டும். நெல் களத்தில் குவிந்து கிடப்பது மாசியில், வயல் அப்படிப் பச்சையாக இருந்தது கார்த்திகையில். மாசியில் அந்த வயலில் தாளும், தாளுக்கு நடுவே உளுந்துச் செடியும்தான் இருக்கும். கேட்டதற்கு, போன வருஷம் வேறு எதற்கோ எடுத்தது கையில் இருந்தது என்றான் கேமராப் பையன். கையில் இருப்பதையெல்லாம் இலையில் போட்டால் அது விருந்து ஆகுமா?

மூன்றாவது சரணம் இதைவிட மோசம். வரி நன்றாகத்தான் இருக்கிறது. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தது, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தது, வட்டிக்கு வாங்கியது என்று கோபமாக ஏறுகிற இடம். ஆனால் அங்கேதான் பாடுகிறவள் வாயைக் காட்டாமல், குரலை மட்டும் மேலே ஓடவிட்டு, கீழே கறுப்பு வெள்ளையில் ஒரு பெரியவரைக் காட்டுகிறார்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். ‘வாயசைப்பு மரபைத் தவிர்த்தோம்’ என்று அறிக்கையில் ஆறாவது எண். தவிர்த்ததோடு பாட்டின் முதுகெலும்பும் போய்விட்டது. ‘நான் சொல்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய வாய் அந்த நேரத்தில் எங்கே போயிற்று?

அந்தப் பெரியவர் விஷயத்தில் இன்னும் ஒரு வார்த்தை. வானம் பார்க்கிற விவசாயி எல்லா விவசாயிப் பாட்டிலும் வருவார், மழை கேட்டு. டெல்டாக்காரன் மழைக்காக வானத்தைப் பார்ப்பதைவிடப் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பதுதான் அதிகம். அதோடு, அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது அவர் வானத்தைப் பார்ப்பது மழை வந்துவிடக் கூடாதே என்று. அதே துண்டு, அதே முகம், வேண்டுதல் மட்டும் நேர் எதிர். இந்தப் பழைய ஷாட்டைத் தலைகீழாகத் திருப்ப ஒரு படுதாவின் முனை ஃபிரேமுக்குள் பறந்திருந்தால் போதும். கையில் வைத்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

நாலு நிமிஷத்தில் ஒரு கோபுரம்கூட இல்லை என்பதை எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எடுத்த பாட்டில் பெரிய கோவில் இல்லை, தெப்பக்குளம் இல்லை, நாதஸ்வரம் இல்லை. நான் அசந்துபோய், இயக்கிய பெண்ணிடம் “இது எப்படிம்மா தோணுச்சு?” என்றேன். “பெரிய கோயில்னா தொல்லியல் துறை பெர்மிஷன், டிரோன் விட முடியாது, டிரைபாட் வைக்க முடியாது, அலைய யாருண்ணே?” என்றாள். அறிக்கையில் எழுதச் சொன்னேன். காருக்கு ஒரு நியாயம், கோவிலுக்கு ஒரு நியாயமா என்று திருப்பிக் கேட்டாள். நல்ல கேள்வி. கார் இல்லாததை யாரும் தேடவில்லை. கோபுரம் இல்லாததால் அந்த இடத்தில் களமும் தராசும் சாக்கும் வந்து நின்றன. அதுதான் வித்தியாசம் என்று சமாளித்தேன்.

கேட் காட்சியில் ஹூடி வந்துவிடுகிறது. புகை வந்துவிடுகிறது. சிவப்பு லைட், என் பேனல்தான். தை, மாசிப் பனிக்கு ஹூடி பொருத்தம்தான், சித்திரை வெயிலில் மாட்டிக்கொண்டு வேகிறவர்களைவிட இவர்களுக்கு நியாயம் அதிகம். நெல் மூட்டைகளை ஏற்றிய சரக்கு ரயில் நீடாமங்கலத்தில் முன்னும் பின்னும் போகும், கேட் மூடியிருக்கும், இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் நிற்கும். வகைமைப்படி பாடுகிறவளுக்குப் பின்னால் கும்பல் ஒன்று வேண்டும் இல்லையா? காசு கொடுக்காமல் கும்பல் கிடைத்துவிட்டது. டூவீலர்காரர்கள், கடலை விற்கிறவர், பஸ் ஜன்னலில் தலைகள். எல்லோரும் அவளைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்க்கிறார்கள். இதுவும் அறிக்கையில் இல்லை.

அங்கே ஒரு லோடு ஆட்டோவில் தப்பாட்டக் குழு. நாலு பேர். படச் செலவிலேயே பெரிய செலவு இவர்களுக்குக் கொடுத்த 3000 ரூபாய்தான், கொடுக்க வேண்டிய காசு. வீடியோக்களில் பறை வந்தால் நமக்கு என்ன வரும் என்று தெரியும்: அந்திச் சூரியன், புழுதி, ஸ்லோமோஷன், நரம்பு புடைத்த கழுத்து. இவர்கள் ரோட்டோரம் வைக்கோலைக் கூட்டித் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சுகிறார்கள். தோல் மேல் கையை வைத்துப் பார்க்கிறார், போதாது என்று மறுபடி காட்டுகிறார். ஒருவர் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் எடுக்கிறார். இப்போது வெடிக்கப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்கார்கிறோம். எட்டே எட்டு அடி. கேட் திறந்துவிடுகிறது. எல்லோரும் வண்டியை முறுக்குகிறார்கள், குழு ஆட்டோவில் ஏறிவிடுகிறது, பாட்டு முடிந்துவிடுகிறது.

முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது. காய்ச்சின தப்பை வாசிக்கவிடாமல் பண்ணிவிட்டார்களே, தாலி கட்டுகிற நேரத்தில் லைட்டை அணைத்த மாதிரி என்று. காதுகுத்து வீட்டில், சத்தமே இல்லாமல், கேட் தூக்கியதும் அங்கே இருந்த பத்துப் பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். அந்தக் கேட்டில் நின்றவர்களுக்கு எதையும் முழுதாக முடிக்கவிடாது என்று தெரியும். பேச்சு, சண்டை, டீ எல்லாம் பாதியில் நிற்கும். சென்னையில் பார்க்கிறவனுக்குப் படம் பாதியில் அறுந்ததாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் 14 வினாடிக்குப் படப்பிடிப்புத் தமாஷ் ஒட்டியிருக்கிறார்கள். ஒருத்தி வழுக்கி நெல்லில் விழுகிறாள், கேமராப் பையன் நாக்கை நீட்டுகிறான். எல்லா ஆல்பத்துக்கும் வாலில் இது உண்டு. தாமரை. வெட்டுங்கள் என்றேன். அது மட்டும் முடியாது என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பார்க்க நினைப்பவர்கள் இயர்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள், ‘தொம்’ கிடைக்கும். முதல் 11 வினாடியைத் தள்ளிவிடலாம்.

இதை எழுதி முடித்த மறுநாள் அந்த லோடுமேன் கடைக்கு வந்தார். யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள். “அண்ணே, அந்த எடத்துல நிப்பாட்டி ஒரு போட்டோ போட்டுத் தர முடியுமா, லேமினேஷனோட?” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோப்பைத் திறந்து, வியர்வைத் துளி விழுவதற்கு முந்தைய ஃபிரேமைத் தேடிப் பிடித்து, பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“மொகம் நல்லா வந்துருக்குண்ணே” என்றார். பிறகு மெதுவாக, “மூட்டய மட்டும் எடுத்துட்டு, ஒரு வெள்ளச் சட்ட போட்டுவிட முடியுமா?” என்று கேட்டார்.

எடுத்துவிட்டேன். பின்னால் இளநீலம் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையில் ஒரு பேனாவும் செருகிக் கொடுத்தேன். எட்டுக்குப் பன்னிரண்டு. மூட்டையோடு இருக்கிற பிரிண்டும் ஒன்று போட்டேன், அதற்குக் காசு வேண்டாம் என்று நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது டேபிள் டிராயரில் இருக்கிறது. இயக்கிய பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.